வாசகர் கேள்வி – பதில்: வீட்டு ஸ்பாவில் ஜெட், குழாய்க் கோளாறுகள்

வீட்டு ஸ்பா தொட்டிகளைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை, எங்கே தொடங்கினாலும், “பம்பை மாற்றிவிடலாமா?” என்ற கேள்வியில் வந்து முடிகின்றன. பெரும்பாலும் அதற்கு அவசியம் இருப்பதில்லை. தொட்டியிலிருந்து உறிஞ்சப்படும் நீர் வடிகட்டி, பம்ப், ஹீட்டர், நீரைப் பீய்ச்சும் வாயான ஜெட் என்று ஒரு சுற்றாக ஓடித் தொட்டிக்கே திரும்புகிறது. அந்தச் சுற்றில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் அது நம் கண்ணுக்குத் தெரிவது ஜெட்டின் வாயில்தான். ஆகவே, இங்குள்ள பதில்களில் ஜெட்டிலிருந்து தொடங்கி நீரின் போக்கில் பின்னோக்கித் தேடிச் செல்லும் முறையையே பின்பற்றியிருக்கிறேன். பக்கப் பலகையைக் கழற்றி உள்ளே கை வைக்கும் எந்த வேலைக்கும், ஸ்பாவின் மேலுள்ள பொத்தானை அழுத்தி நிறுத்தினால் போதாது. அதற்கு மின்சாரம் வரும் பிரேக்கரையே அணைத்துவிட வேண்டும். இந்த எச்சரிக்கை எல்லாப் பதில்களுக்கும் பொதுவானது.

கேள்வி: தொட்டியை முழுவதும் வடித்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். அதன் பிறகு பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதே தவிர, ஒரு ஜெட்டிலிருந்தும் தண்ணீர் வரவில்லை. முன்தினம் வரை நன்றாக ஓடிய பம்ப் இது. பம்ப் போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

பதில்: நேற்று வரை நன்றாக ஓடிய பம்ப், தொட்டியைக் கழுவிய அதே நாளில் தற்செயலாகக் கெட்டுப்போவது அரிது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் ஏர் லாக் என்பதற்கே பொருந்துகின்றன. தொட்டி வடியும்போது குழாய்களிலும் பம்பின் நீர் அறையிலும் காற்று புகுந்துவிடுகிறது. மேலிருந்து தண்ணீரை நிரப்பும்போது அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் பம்புக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஸ்பாவில் இருப்பது மையவிலக்கு வகைப் பம்ப். அதன் உள்சக்கரம் சுழலும் வேகத்தில் நீரை வெளிப்புறமாக வீசி எறிவதால்தான் அழுத்தம் உண்டாகிறது. காற்றின் அடர்த்தியோ நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ 800-ல் ஒரு பங்குதான் என்பதால், காற்றுக்குள் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அந்தச் சக்கரத்தால் பக்கத்துக் குழாயில் நிற்கும் நீரை இழுத்துக்கொள்ள முடியாது.

இந்த நிலையில் பம்பை “கொஞ்ச நேரம் ஓடினால் தானாகச் சரியாகிவிடும்” என்று ஓடவிடுவதுதான் ஆபத்து. மோட்டாரின் தண்டு நீர் அறைக்குள் நுழையும் இடத்தில் நீர் கசியாமல் தடுக்கும் சீல், தண்ணீரால்தான் குளிர்விக்கப்படுகிறது. உராய்வு தணிவதும் அதே நீரால்தான். உலர்ந்த நிலையில் ஓடினால் அது சூடேறி விரிசல் விடும். ஏர் லாக்காகத் தொடங்கியது, அடுத்த வாரம் சீல் கசிவாக மாறிவிடும்.

முதலில் எளிய வழியை முயலுங்கள். ஜெட்டுகள் அனைத்தையும் முழுவதும் திறந்துவிட்டு, காற்றுக் கட்டுப்பாட்டுக் குமிழை மூடிவிட்டு, பம்பைக் குறைந்த வேகத்தில் 10 அல்லது 15 விநாடி ஓடவிட்டு நிறுத்துங்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் அப்படியே செய்யுங்கள். ஜெட்டுகளில் குமிழிகள் விட்டுவிட்டு வந்தால் காற்று நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். நான்கைந்து முறை செய்தும் அசைவில்லையென்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பக்கப் பலகையைக் கழற்றுங்கள். பம்பின் இருபுறமும் உள்ள வால்வுகள் முழுவதும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கழுவும்போது மூடியவர்கள் திறக்க மறந்துபோவது நான் மிக அதிகமாகக் கேள்விப்படும் காரணங்களில் ஒன்று. அவை திறந்திருந்தால், பம்பிலிருந்து நீர் வெளியேறும் பக்கத்து யூனியனை, அதாவது பம்பையும் குழாயையும் இணைக்கும் திருகு வளையத்தை, கையால் மெல்லத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்றிவிடக் கூடாது. உஸ் என்ற ஓசையுடன் காற்று வெளியேறும். ஓசை அடங்கி நீர் சொட்டத் தொடங்கியதும் மீண்டும் கையாலேயே இறுக்கிவிடுங்கள். உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த முறை நிரப்பும்போது, தண்ணீர்க் குழாயைத் தொட்டியின் நடுவில் போடாமல், வடிகட்டியை எடுத்துவிட்டு அந்த அறைக்குள் நுழைத்து நிரப்பினால், நீர் உறிஞ்சு குழாய் வழியாகக் கீழிருந்து மேலேறிக் காற்றைத் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு போகும். இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்பது சுழலும் ஓசையாக இல்லாமல் “ம்ம்” என்ற அடைபட்ட முனகலாக இருந்து, சில விநாடிகளில் மின்சாரமும் துண்டிக்கப்பட்டால், அது ஏர் லாக் அல்ல. மோட்டார் சுழலவே இல்லை. தண்டு இறுகியிருக்கலாம், அல்லது மோட்டார் சுழலத் தொடங்க உதவும் மின்தேக்கியான கெப்பாசிட்டர் செயலிழந்திருக்கலாம். மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், அந்த வேலையை மின் வேலை தெரிந்தவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்பாவில் எல்லா ஜெட்டுகளும் சில மாதங்களாகச் சிறிது சிறிதாக வலுவிழந்து வருகின்றன. சில நேரங்களில் பம்புக்குள் சரளைக் கற்கள் உருள்வதுபோல ஓசையும் கேட்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: வடிகட்டியிலிருந்து. அதை வெளியே எடுத்துவிட்டு, தொட்டிக்குள் யாரும் இல்லாதபோது, பம்பை ஓரிரு நிமிடம் மட்டும் அதிக வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஜெட்டுகள் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டால், நோய் வடிகட்டியில்தான் இருக்கிறது. வேறு எதையும் தொட வேண்டியதில்லை. கோளாறு தேடும் வேலையில் இதைவிட மலிவான, தெளிவான சோதனை இல்லை என்பது என் கருத்து. வடிகட்டி இல்லாமல் தொடர்ந்து ஓட்டினால், தலைமுடியும் இலைத்துணுக்குகளும் நேரே பம்பின் உள்சக்கரத்துக்குப் போய்விடும் என்பதால், சோதனை முடிந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

மடிப்பு வடிகட்டியை வெறும் தண்ணீரில் அலசினால் தூசி போகும். தோலிலிருந்தும் பூச்சுகளிலிருந்தும் வரும் எண்ணெய்ப் பசை போகாது. பார்வைக்கு வெண்மையாகத் தெரியும் வடிகட்டிகூட, இழைகளுக்கிடையில் எண்ணெய் ஏறி நீரை விட மறுக்கும். ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை மடிப்பு மடிப்பாக நீரைப் பாய்ச்சி அலசுவதும், மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அதற்கான எண்ணெய் நீக்கும் கரைசலில் ஓர் இரவு ஊறவைப்பதும் நல்ல வழக்கம். சுண்ணாம்புப் படிவைப் போக்க அமிலம் பயன்படுத்துவதானால், எண்ணெயை முதலில் நீக்கி, நன்கு அலசிய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் இழைகளிலேயே இறுகிவிடும். உயர் அழுத்தப் பீச்சுக் கருவி இழைகளைக் கிழித்துவிடும் என்பதால் வேண்டாம். எப்படிப் பராமரித்தாலும், ஒன்றிரண்டு ஆண்டுகளில் வடிகட்டியை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

வடிகட்டியை எடுத்தும் வேகம் கூடவில்லையென்றால், நீங்கள் சொல்லும் சரளைக்கல் ஓசை அடுத்த வழியைக் காட்டுகிறது. பம்பு கேட்கும் அளவு நீர் உறிஞ்சு பக்கத்திலிருந்து வராதபோது, உள்ளே அழுத்தம் மிகக் குறைந்து, நீர் சிறு ஆவிக் குமிழிகளாக மாறுகிறது. அவை உள்சக்கரத்தின் மேல் வெடித்து நொறுங்கும் ஓசையே அது. இப்படி நீண்ட நாள் ஓடினால் சக்கரத்தின் முகம் அரிக்கப்படும். நீர்மட்டம் வடிகட்டி அறையின் வாய்க்குக் கீழே இறங்கியிருக்கிறதா, உறிஞ்சு வாய்களின் மூடிகளில் தலைமுடி சுற்றியிருக்கிறதா, உறிஞ்சு பக்க வால்வு பாதி இறங்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கத்தி வடிவத் தகடு கொண்ட வால்வுகள், தகட்டை நிறுத்தி வைக்கும் பிடிப்பூசி இல்லாவிட்டால், அதிர்வில் தாமாகவே மெல்லக் கீழே இறங்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால், கடைசியாகப் பம்பின் நீர் அறையைத் திறந்து உள்சக்கரத்தின் கண்களில் ஏதேனும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உறிஞ்சு மூடியைப் பற்றி இன்னொன்று. மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால், சரியாகும் வரை அந்த ஸ்பாவில் யாரும் இறங்கக் கூடாது. திறந்த உறிஞ்சு வாய் தலைமுடியையோ உடலையோ பிடித்துக்கொண்டு நீருக்கடியில் அழுத்தி வைத்துவிடும். வலுவான பெரியவர்களால்கூட அந்த இழுப்பிலிருந்து விடுபட முடியாமல் போகலாம். குழந்தைகள் இறங்கும் வீடுகளில் ஒவ்வொரு முறையும் மூடியைப் பார்த்துவிட்டு இறங்கச் செய்யுங்கள்.

கேள்வி: எல்லா ஜெட்டுகளும் நன்றாக இருக்க, ஒரு பக்கத்தில் இரண்டு மட்டும் சரியில்லை. ஒன்றின் முகப்பைத் திருப்பவே முடியவில்லை. மற்றொன்றில் தண்ணீர் வருகிறது, குமிழி வருவதில்லை.

பதில்: மற்றவை நன்றாக இருக்கின்றன என்ற உங்கள் ஒரு வரியே பம்பையும் வடிகட்டியையும் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. திரும்ப மறுக்கும் ஜெட்டில் சுண்ணாம்புப் படிவோ மணலோ இறுகியிருக்கும். இடுக்கியால் வலிந்து திருப்பினால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் பற்கள் உடையும். பெரும்பாலான ஜெட்டுகளின் உட்பகுதியை இடப்புறமாகத் திருப்பி முன்னோக்கி இழுத்தால் வெளியே வந்துவிடும். வந்ததை வெள்ளை வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, நன்கு அலசிப் பொருத்துங்கள். வெளியே வராவிட்டால், நீர்மட்டத்தை ஜெட்டுக்குக் கீழே இறக்கி, வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி வைத்துப் படிவு இளகும் வரை காத்திருப்பது நல்லது. படிவு திரும்பத் திரும்ப வந்தால் நீரின் கடினத்தன்மையைச் சோதிக்க வேண்டும். ஸ்பா நீரில் கால்சியம் கடினத்தன்மை 150 முதல் 250 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருப்பது ஏற்றது. மிகக் குறைந்தாலும் நல்லதல்ல; அப்போது நீர் உலோகப் பாகங்களை அரிக்கத் தொடங்கும்.

குமிழி வராத ஜெட்டின் கதை வேறு. பெரும்பாலான ஜெட்டுகளில் காற்றைத் தள்ளுவதற்குத் தனி இயந்திரம் எதுவும் இல்லை. தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் சீறுவதுபோல, ஜெட்டினுள் உள்ள குறுகிய துளையில் நீரின் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது என்பது 1738-ல் கணித அறிஞர் டேனியல் பெர்னூலி எழுதி வைத்தது. குறுகிய குழாய்களில் இதன் விளைவை 1797-ல் இத்தாலியரான வெஞ்சூரி விரிவாக விளக்கினார். அந்தக் குறைந்த அழுத்தமே பக்கத்தில் இணைந்துள்ள காற்றுக் குழாயிலிருந்து காற்றை இழுத்து நீரோடு கலக்கிறது. ஆகவே குமிழி நின்றுவிட்டால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: காற்றுக் குமிழ் மூடியிருக்கிறது, காற்று வரும் மெல்லிய குழாய் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் சிறிய முனை உடைந்தோ இடம் மாறியோ போயிருக்கிறது. பக்கத்து ஜெட்டுகளில் குமிழி வருவதால், காற்றுக் குமிழை இங்கே குற்றம் சொல்ல முடியாது. ஜெட்டைக் கழற்றி அந்த முனையைப் பாருங்கள். முனை இல்லாத ஜெட்டில் அழுத்தக் குறைவு உண்டாகாது; சில நேரங்களில் நீரே காற்றுக் குழாய்க்குள் ஏறி, மேலே உள்ள காற்றுக் குமிழின் வழியாகப் பொங்கி வழியும். அப்படி வழிந்தால் காற்றுக் குமிழை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: தொட்டியில் நீர்மட்டம் ஒவ்வொரு நாளும் குறைகிறது. தரையில் ஈரம் தெரிகிறது, ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. கசிவை அடைக்கும் திரவம் ஊற்றலாமா?

பதில்: உடனே ஊற்ற வேண்டாம். முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். தொட்டியின் சுவரில் நீர்மட்டத்தை ஒரு நாடாவால் குறித்துவிட்டு, மூடியைப் போட்டு, ஒரு நாள் பம்பை ஓட்டியும் அடுத்த நாள் மின்சாரத்தை முழுவதும் அணைத்தும் இறக்கத்தை ஒப்பிடுங்கள். மூடியிருக்கும் தொட்டியில் ஆவியாதல் மிகக் குறைவு. பம்ப் ஓடும்போது மட்டும் வேகமாகக் குறைந்தால், கசிவு பம்புக்குப் பிந்தைய, அழுத்தம் மிகுந்த பக்கத்தில் இருக்கிறது. பம்ப் ஓடும்போது ஜெட்டுகளில் ஓயாமல் நுண்குமிழிகள் வந்து, நிறுத்திய பிறகு தரை நனைந்தால், உறிஞ்சு பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது அந்த இடைவெளி நீரை வெளியே விடுவதற்குப் பதிலாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. இரண்டு நாளும் ஒரே அளவு குறைந்தால், மின்சாரத்தை அணைத்த நிலையில் நீரைத் தானாக இறங்கவிட்டு, அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த உயரத்தை ஒட்டியுள்ள ஜெட்டின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் பட்டை), விளக்கின் விளிம்பு அல்லது குழாய் இணைப்பு எதுவோ, கசிவு அங்கேதான்.

வீட்டு ஸ்பாக்களில் மிக அதிகமாகக் கசிவது பம்பின் தண்டுச் சீலும் யூனியன்களும். மோட்டாருக்கும் நீர் அறைக்கும் நடுவிலிருந்து சொட்டினால் அது சீல். பம்பை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றலாம். ஆனால் நீண்ட நாள் சொட்டவிட்டால் நீர் மோட்டாரின் தாங்கு உருளைகளுக்குள் போய், அலறும் ஓசையோடு மோட்டாரையே பலிவாங்கும். யூனியனில் கசிந்தால் பலரும் மரைகளின் மேல் டெஃப்லான் நாடாவைச் சுற்றுகிறார்கள். அது வீண் வேலை. யூனியனில் நீரைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் ஓ-ரிங். நாடா தடித்துப்போனால் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று முழுவதும் அழுத்த முடியாமல் கசிவு கூடுவதும் உண்டு. ஓ-ரிங்கைத் துடைத்து, தட்டையாகியிருந்தால் மாற்றி, சிலிக்கோன் பசையை மெல்லப் பூசிக் கையால் இறுக்குங்கள். பெட்ரோலியப் பசை சில ரப்பர் வகைகளை உப்பச் செய்யும் என்பதால் தவிர்த்துவிடுங்கள். ஒட்டிய பி.வி.சி. இணைப்பு விட்டிருந்தால், மேலே பசையைப் பூசுவதில் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, உலர்ந்த குழாயில் முதற்பூச்சும் பசையும் இட்டுப் புதிதாக ஒட்டி, பசை டப்பாவில் குறித்துள்ள நேரம் வரை நீர் விடாமல் காத்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட திரவம், எட்ட முடியாதபடி நுரைக் காப்புக்குள் புதைந்த குழாயில் ஏற்பட்ட மயிரிழை விரிசலுக்கு மட்டும், வேறு வழியில்லாதபோது முயன்று பார்க்கத் தக்கது. சீல் கசிவுக்கும் யூனியன் கசிவுக்கும் அதை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: காட்சித் திரையில் நீரோட்டக் குறைவு என்ற பிழைக் குறியீடு வருகிறது, ஹீட்டர் சூடாக்குவதில்லை. உணரியைத் துண்டித்து நேரடி இணைப்புக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: அதைச் செய்யாதீர்கள். போதிய நீர் ஓடாத ஹீட்டர் குழாயில் சுருள் எரிந்து, குழாயும் உருகிப்போகும். அதைத் தடுப்பதற்குத்தான் அந்த உணரி இருக்கிறது. பெரும்பாலும் உணரி உண்மையையே சொல்கிறது: அழுக்கான வடிகட்டி, குறைந்த நீர்மட்டம், ஹீட்டருக்குள் சிக்கிய காற்று, பாதி மூடிய வால்வு. மேலே இரண்டாம் கேள்விக்குச் சொன்ன வடிகட்டிச் சோதனையைச் செய்யுங்கள். நீரோட்டம் நன்றாக இருந்தும் குறியீடு போகவில்லையென்றால்தான் உணரியை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். நீரின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சில நாட்கள் பயன்படுத்தாமல் விட்டு ஜெட்டைத் திறந்தால், கருத்த செதில்கள் வெளிவருகின்றன. நீரை மாற்றியும் மீண்டும் வருகின்றன.

பதில்: நீரை மாற்றினீர்கள், குழாய்களின் உட்சுவரை மாற்றவில்லை. வெதுவெதுப்பான, நின்றுபோன நீர் தங்கும் வளைவுகளில் நுண்ணுயிரிகள் வழவழப்பான படலமாக வளர்கின்றன. அந்தப் படலமே கிருமிநாசினி உள்ளே எட்டாதபடி அவற்றுக்குக் கவசமாகிறது. ஜெட்டின் வேகத்தில் அது பிய்ந்து செதிலாக வருகிறது. இது வெறும் அருவருப்போடு நின்றுவிடுவதில்லை: சூடோமோனாஸ் கிருமி தோலில் சிவந்த கொப்புளங்களை உண்டாக்கும், லெஜியோனெல்லா, ஜெட்டுகள் எழுப்பும் நுண்திவலைகளோடு மூச்சில் கலந்து கடுமையான நிமோனியாவைத் தரக்கூடும். முதியவர்களும் நுரையீரல் நோயுள்ளவர்களும் அந்தத் தொட்டியின் அருகேகூட இப்போது இருக்க வேண்டாம்.

குழாய்களைச் சுத்தம் செய்யும் கரைசலை, பழைய நீரை வடிப்பதற்கு முன்பே ஊற்றி, எல்லா ஜெட்டுகளையும் நீரை ஒரு பக்க ஜெட்டுகளிலிருந்து மற்றொரு பக்கத்துக்கு மாற்றிவிடும் திருப்பு வால்வின் எல்லா நிலைகளையும் மாற்றி மாற்றித் திறந்து ஓட்டுங்கள். எழும் நுரையையும் கசடையும் துடைத்து, நீரை வடித்து, தொட்டியைக் கழுவி, புது வடிகட்டி போட்டு நிரப்புங்கள். பழைய வடிகட்டியைத் திரும்பப் போட்டால் படலத்தின் விதையையும் சேர்த்துப் போட்டதாகும். பிறகு குளோரின் 3 பி.பி.எம்.முக்குக் குறையாமலும், புரோமின் பயன்படுத்துபவராக இருந்தால் 4-க்குக் குறையாமலும், பி.எச். 7.0-க்கும் 7.8-க்கும் இடையிலும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் குளிக்காத நாட்களிலும் பம்ப் தினமும் சிறிது நேரம் ஓட வேண்டும்.

கேள்வி: ஸ்பாவை இயக்கினால் மின்கசிவுத் துண்டிப்பான் அவ்வப்போது விழுந்துவிடுகிறது. ஜெட் பம்ப்தான் காரணமா?

பதில்: பம்பாகவும் இருக்கலாம், ஆனால் ஹீட்டரின் சுருள் உறையில் அரிப்பு ஏற்பட்டு நீர் உட்புகுவதும் இதே விளைவைத் தரும். எப்போது விழுகிறது என்பதை எழுதி வையுங்கள். பம்ப் வேகம் எடுக்கும் கணத்திலா, ஹீட்டர் விளக்கு எரிந்த சில நிமிடங்களிலா, நீரைச் சுத்திகரிக்கும் ஓசோன் கருவி அல்லது (சில ஸ்பாக்களில் இருக்கும்) காற்று ஊதி இயங்கும்போதா? சீல் கசிந்து மோட்டாருக்குள் நீர் போயிருப்பதும், காற்று ஊதியின் ஒருவழி வால்வு பழுதாகி நீர் அதற்குள் ஏறியிருப்பதும் குழாய் வேலையில் தொடங்கி மின்கோளாறாக முடிபவை. துண்டிப்பானைத் திரும்பத் திரும்ப ஏற்றிவிட்டுக் குளிக்காதீர்கள்; பெரிய துண்டிப்பானாக மாற்றச் சொல்லும் ஆலோசனையையும் ஏற்காதீர்கள். மின் பணியாளர் வரும்போது அந்தக் குறிப்பைக் கொடுத்தால், ஒவ்வொரு பாகமாக இணைப்பைக் கழற்றிப் பார்க்கும் அவரது வேலை பாதியாகக் குறையும்.